ஏசி வாங்கும் முன் கூரையைப் பாருங்கள்



நம் மஹல்லாவில் கடை இல்லாத குடும்பம் குறைவு. சொந்தக் கடை இல்லையென்றால் வாடகைக் கடை. அதுவும் இல்லையென்றால் யாராவது ஒருவர் கடையிலோ குடோனிலோ தையல் கூடத்திலோ வேலை பார்க்கிறார். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் வருமானம் தருவதும் பெரும்பாலும் கடை வாடகைதான். அந்தக் கட்டடங்கள் கோடையில் அடுப்பாகக் கொதிக்கின்றன. வெக்கை தாங்காமல் ஏசி மாட்டுகிறோம். போதவில்லை என்று இன்னொன்றும் மாட்டுகிறோம். கரண்ட் பில் வந்ததும் வியாபாரத்தைக் குறை சொல்கிறோம். வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது, அதை எங்கே நிறுத்தலாம் என்று இந்த இதழில் சற்று விரிவாகப் பார்ப்போம். கடலோர ஊர்களுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. அது காற்றில் உள்ள ஈரம்.

முதலில் கூரை. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்கிறோம். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஏப்ரல் நடுவாக்கிலும் மறுபடி ஆகஸ்ட் கடைசி வாக்கிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். வெயில் சுவரில் சாய்வாகத்தான் படும், கூரையிலோ முழுதாக இறங்கும். எனவே ஒரே தளமுள்ள கடை வரிசையில் உள்ளே வரும் வெப்பத்தில் பெரும்பங்கு மேலிருந்துதான். மூன்று நான்கு மாடிக் கட்டடமென்றால் மேல் தளத்துக்கு மட்டும் கூரை எதிரி. கீழ்த்தளங்களுக்கு மேற்குச் சுவரும் கண்ணாடி முகப்பும்.

கான்கிரீட் வெப்பத்தைத் தடுக்கும் பொருளல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கனமாக இருப்பதால் அது காப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு தாமதமாகத் திருப்பித் தருகிறது. ளுஹர் நேரத்தில் தளத்தின் மேல் விழுந்த வெயில் அஸருக்குப் பிறகுதான் கீழ்ப்புறம் இறங்குகிறது. மஃரிப் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பி, கூட்டம் வரும் வேளையில் பார்த்தால் வெயில் போய்விட்டது, புழுக்கம் போகவில்லை. ஜவுளிக்கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வியாபாரம் சூடுபிடிக்கும் நேரமும் தளம் சூட்டைக் கக்கும் நேரமும் ஒன்று.

ஒரு கணக்கு

1,000 சதுர அடிக் கடை. 5 அங்குல கான்கிரீட் தளம். மேலே எந்தக் காப்பும் இல்லை. கோடை மதியத்தில் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி, உள்ளே ஏசி 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூரை வழியாக மட்டும் சுமார் 12 கிலோவாட் வெப்பம் இறங்கும். ஒரு டன் ஏசி என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஆக, ஏறத்தாழ மூன்றரை டன் ஏசி கூரையோடு சண்டை போடுவதற்கே போய்விடுகிறது. வாடிக்கையாளர், விளக்கு, திறந்து மூடும் கதவு எல்லாம் இதற்கு மேல்.

அதே தளத்தில் நல்ல வெள்ளைப் பூச்சு அடித்து மேற்பரப்பை 40 டிகிரியில் நிறுத்தினால் இறங்கும் வெப்பம் 5 கிலோவாட் அளவுக்குக் குறையும். பூச்சுக்குப் பதிலாக 2 அங்குல எக்ஸ்.பி.எஸ். பலகையைப் பதித்தால், அதன் மேற்பரப்பு 60 டிகிரியிலேயே இருந்தாலும், கீழே வருவது ஒன்றரை கிலோவாட்டுக்குச் சற்று மேல். அதாவது அரை டன். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் குறையும்.

எக்ஸ்.பி.எஸ். என்பது தெர்மோகோலின் நெருங்கிய உறவு. ஆனால் குருணை தெரியாத, நெருக்கமான நுரைப் பலகை. தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது. கான்கிரீட் வெப்பத்தைக் கடத்துவதில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே இது கடத்தும். 2 அங்குலப் பலகை தடுப்பதைக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால் 8 அடி கனத் தளம் போட வேண்டும்!

பலகையால் கிடைக்கும் இந்த மூன்று டன் வித்தியாசத்தை உச்சி வெயிலின் 4 மணி நேரத்துக்கு மட்டும் எடுத்தாலும் நாளைக்குச் சுமார் 14 யூனிட். மாதம் 26 நாள் கடை திறந்தால் 360 யூனிட்டுக்கு மேல். உங்கள் கடையின் யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். இது கோடைக் கணக்கு. மழை மாதங்களில் இவ்வளவு இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் பெரியவர்கள் செய்தது

பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடங்களை நினைத்துப் பாருங்கள். மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். சுண்ணாம்புக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். கூரை உயரம். வெளியே ஆழமான திண்ணை நிழல். கான்கிரீட் தளம் வந்த பிறகும் அந்த ஜல்லிச் சுண்ணாம்புப் படலத்தை அதன்மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குப் போட்டு வந்தோம். இப்போது அதையும் செலவு என்று விட்டுவிட்டு, வெறும் தளத்தில் வாட்டர் புரூஃப் கெமிக்கலைத் தடவி முடித்துவிடுகிறார்கள். தண்ணீர் நிற்கிறது, வெப்பம் நிற்பதில்லை.

உங்கள் பழைய கட்டடத்தில் அந்தச் சுண்ணாம்புத் தளம் கெட்டியாக இருந்தால் பெயர்க்காதீர்கள். விரிசலை அடைத்து மேலே வெள்ளைப் பூச்சு கொடுத்தாலே நல்ல பலன். சுமை கூட்டுகிற எந்த வேலைக்கும் முன்னால், குறிப்பாக மரச்சட்டத் தளங்களில், ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

வெள்ளைப் பூச்சைப் பற்றி ஒரு சொல். இதில் ஏமாற்றும் நடக்கிறது, ஏமாற்றமும் நடக்கிறது. வெள்ளையாக இருப்பதெல்லாம் கூல் ரூஃப் பெயிண்ட் அல்ல. வாங்கும்போது வெயிலைத் திருப்பும் அளவு எத்தனை, வாங்கிய வெப்பத்தை வானத்துக்கு வெளியிடும் அளவு எத்தனை என்று இரண்டு எண்களைக் கேளுங்கள். ஏசியில் நட்சத்திரக் குறி ஒட்டச் செய்யும் மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் வணிகக் கட்டடங்களுக்கென 2007-ல் ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. அதில் தட்டைக் கூரைக்கு முதல் எண் 0.6-க்கும் இரண்டாவது எண் 0.9-க்கும் குறையக் கூடாது என்று இருக்கிறது. 100 கிலோவாட் இணைப்புச் சுமை உள்ள பெரிய கட்டடங்களுக்குத்தான் அந்த விதி. ஆனாலும் நம் சிறு கடைக்கு அதை அளவுகோலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் கலந்த பகுதியில் வணிகக் கட்டடக் கூரையின் வெப்பக் கடத்தல் எண்ணையும் அது 0.33 என்று வைக்கிறது. அதை எட்ட 2 அங்குலம் போதாது, மூன்றேகால் அங்குல எக்ஸ்.பி.எஸ். வேண்டியிருக்கும். பூச்சு எதுவானாலும் புழுதியும் பாசியும் படிந்தால் பாதிப் பலன் போய்விடும். வருடம் ஒருமுறை மழைக்குப் பின் கழுவ வேண்டும்.

தகரக் கொட்டகை

குடோன், பட்டறை, தையல் கூடம், மரக்கடை எல்லாம் பெரும்பாலும் ஷீட் கூரைக்குக் கீழேதான் நடக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களுக்கு முதலாளிகள் கூடுதலாக ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறார்கள். ஃபேன் காற்றைத்தான் நகர்த்தும். காய்ந்த ஷீட்டிலிருந்து தலையிலும் தோளிலும் நேராக இறங்கும் கதிர்வெப்பத்தை அது தடுக்காது. தணலுக்கு முன் உட்கார்ந்து விசிறிக்கொள்வதைப் போலத்தான். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாட்களில் வியர்வையும் உலராது. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஒரே வழியும் அடைபடுகிறது. தலைசுற்றல், குமட்டல், பிறகு மயக்கம். வியர்வை உலர்வதற்குள் கூலி கொடுப்பது பற்றிய நபிமொழியை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்த வியர்வை எதனால் இவ்வளவு வடிகிறது என்பதையும் கடை உரிமையாளர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. ஷீட்டுக்குக் கீழே சிறிது இடைவெளி விட்டு அலுமினியப் படலம் ஒட்டிய காப்பு விரிப்பைக் கட்ட வேண்டும். பளபளப்பான முகம் கீழே பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் வெற்றிடம் இருக்க வேண்டும். பளபளப்பான உலோக முகம் தானே சூடாக இருந்தாலும் வெப்பக் கதிரை மிகக் குறைவாகவே வீசும். கீழ்நோக்கி இருப்பதால் தூசியும் படியாது. மேல்முகத்தில் வெள்ளைப் பூச்சு. கூரை முகட்டில் சூடான காற்று வெளியேற வழியும், சுவரின் அடிப்பக்கத்தில் காற்று நுழைய வழியும். சுழலும் உருண்டையை முகட்டில் மாட்டிவிட்டுக் கீழே எல்லாச் சன்னல்களையும் மூட்டையால் அடைத்துவைத்திருக்கும் குடோன்களை நாம் பார்க்கிறோம். காற்று எங்கிருந்து வரும்?

இந்த விரிப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. தெளிந்த இரவுகளில் ஷீட் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்ளேயிருக்கும் ஈரக் காற்று அதில் பட்டு நீராகிச் சொட்டும். அரிசி மூட்டையும் துணிக் கட்டும் நனைந்து நாறுவதற்கு ஓட்டை ஒழுகல் மட்டும் காரணமல்ல. காப்பு இருந்தால் இந்தச் சொட்டலும் நிற்கும்.

கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் எச்சரிக்கை. அதை அறுக்கவோ துளைக்கவோ உலர்வாகச் சுரண்டவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். மேலே ஏறி மிதிக்கவும் கூடாது, உடைந்து ஆள் உள்ளே விழுந்துவிடுவார்.

ஈரம்: நம் கடற்கரையின் தனிக் கணக்கு

வெளியே 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஒரு சாதாரண நாள். அந்தக் காற்று 27 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே தண்ணீர் படியும். கடைக்குள் ஏசியோ 24. ஜில் சோடா பாட்டிலின் வெளியே முத்து முத்தாக நிற்கும் தண்ணீர்தான் இது. உள்ளே ஏசி ஓடும் கட்டடம் நம் ஊரில் ஒரு பெரிய சோடா பாட்டில்.

குளிர் நாடுகளில் வீட்டின் உள்ளே சூடும் ஈரமும், வெளியே குளிர். அதனால் அங்கே ஈரத்தைத் தடுக்கும் படலத்தைச் சுவரின் உட்புறம் வைக்கிறார்கள். நமக்கு எல்லாமே தலைகீழ். ஈரம் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது. நாமும் அதை உட்புறத்தில் தடுத்தால் சுவருக்குள் வந்த ஈரம் குளிர்ந்த உள்முகத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். புது ஷோரூமில் அழகுக்காக வினைல் வால்பேப்பர் ஒட்டி, ஒரே மழைக்காலத்தில் அதற்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை பிடித்து உப்பிப் போவது இதனால்தான். நம் பகுதிக்கு விதி எளிது: வெப்பக்காப்பும் ஈரத்தடுப்பும் வெளிப்புறம், உள்முகத்தில் மூச்சுவிடும் சாதாரணப் பூச்சு.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் கிளாஸ் ஊல் விரிப்பதும் இங்கே கவனிக்க வேண்டியது. விரிப்பில் தவறில்லை. ஆனால் மேலே உள்ள வெற்றிடத்துக்குள் ஷட்டர் பெட்டி வழியாகவோ பழைய வென்டிலேட்டர் வழியாகவோ வெளிக்காற்று நுழைந்தால், குளிர்ந்த பலகையிலும் ஏசிக் குழாயிலும் நீர் கோத்துக் கறை விழும். பஞ்சு நனைந்தால் காப்பும் போயிற்று. முதலில் ஓட்டைகளை அடையுங்கள், பிறகு விரியுங்கள். கதவைத் திறந்துவைத்தே ஏசி ஓட்டும் கடைகளில் ஏசியின் உழைப்பில் பெரும்பகுதி காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிவதற்கே போகிறது. வாசலில் பிளாஸ்டிக் பட்டைத் திரையோ தானே மூடிக்கொள்ளும் கதவோ மாட்டுவது பல கடைகளில் கூரை வேலைக்குச் சமமான பலன் தரும்.

ஏசியை 18-ல் வைப்பதும் இதில் சேரும். குளிர் கூடக் கூடச் சுவர் வியர்க்கும். 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் அறை ஏசிகள் இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த 24-ஐத் தொடாமல் விட்டால் போதும்.

வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துத் திரும்பிய சகோதரர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். நடுவில் காப்புப் பலகை வைத்த சிமெண்ட் பிளாக்கையும், தளத்தில் நீர்த்தடுப்புக்கு மேல் நுரைப் பலகை பரப்பிக் கான்கிரீட் போடுவதையும் அவர்கள் கையால் செய்திருக்கிறார்கள். துபாய், தம்மாம் கடற்கரையின் ஈரமும் வெக்கையும் நம்முடையதைவிடக் கடுமை. உள்ளூர் மேஸ்திரிக்கு இந்த வேலை புதிதென்றால் அவர்களில் ஒருவரை அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த அனுபவம் ஊரில் பயன்படாமல் கிடக்கிறது.

தீ

காப்புப் பொருள்களில் மலிவானது பலவும் எளிதில் எரியும். தெர்மோகோலைக் கூரைக்குக் கீழே வெறுமையாக ஒட்டிவைப்பது உயிருக்கு ஆபத்து. தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கிளம்பும். ஷட்டர் ஒன்றே வாசலாக உள்ள கடையில் அந்தப் புகை நிரம்ப அதிக நேரம் ஆகாது. நுரைப் பொருள் எதுவானாலும் தளத்துக்கு மேலே, கான்கிரீட் மூடாக்குக்குள்தான் இருக்க வேண்டும். உட்புறம் வேண்டுமென்றால் ராக் ஊல் அல்லது கிளாஸ் ஊல். பஃப் பேனலில் அறை கட்டுகிறவர்கள் தீத்தடுப்புத் தரச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஒயர்களைக் குழாய்க்குள் விட்டே அதன் வழியாக எடுத்துச் செல்ல வேண்டும்.

மொட்டை மாடியில் கீற்று வேய்வது நம் பக்கத்து வழக்கம். வெப்பத்துக்கு மிக நல்லது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்ததை இந்த மாவட்டங்களில் யாரும் மறக்கவில்லை. மின் இணைப்பும் ஆள் நடமாட்டமும் உள்ள வணிகக் கட்டடத்தின் மேல் கீற்று வேண்டாம்.

யார் செலவு செய்வது?

உண்மையான முட்டுக்கட்டை இங்கேதான் இருக்கிறது. கூரை கட்டட உரிமையாளருடையது, கரண்ட் பில் வாடகைக்கு இருப்பவருடையது. உரிமையாளருக்குக் காப்பால் நேரடி லாபம் இல்லை என்பதால் செய்வதில்லை. வாடகைதாரர், நாளைக்குக் காலி செய்யச் சொன்னால் என்ன ஆவது என்று செய்வதில்லை. இருவருக்கும் நடுவில் வருடாவருடம் பணம் வீணாகிறது. வீண்விரயம் எவ்வளவு வெறுக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியும். விரயமாவது அடுத்தவர் பையிலிருந்து போகிறது என்றால் அது நம் கணக்கில் வராது என்று இருந்துவிடக் கூடாது.

தீர்வு கடினமானதல்ல. உரிமையாளர் செலவு செய்து, மிச்சமாகும் பில்லில் ஒரு பகுதி அளவுக்கு வாடகையை உயர்த்திக்கொள்ளலாம். மறுபகுதி வாடகைதாரருக்கு மிஞ்ச வேண்டும். அல்லது வாடகைதாரர் செலவு செய்து, அந்தத் தொகையை மாத வாடகையில் தவணையாகக் கழித்துக்கொள்ளலாம். கழிப்பது செலவான தொகை மட்டும், தாமதத்துக்கென்று எதுவும் சேராது. எப்படியானாலும் கடந்த இரண்டு கோடைகளின் பில்களை எடுத்துவைத்து, வேலைக்குப் பின் அதே மாதங்களின் யூனிட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டு, எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் அடுத்த ரமலானுக்குள் மனக்கசப்பு வந்துவிடும். வக்ஃபுக் கடைகளென்றால் முத்தவல்லியும் நிர்வாகக் குழுவும் தீர்மானமாக நிறைவேற்றி, குறைந்தது மூன்று விலைப்புள்ளிகளை வாங்கிப் பதிவேட்டில் வைப்பது அவசியம். அது அமானிதச் சொத்து. கூரைக்குச் செலவானதையும் வாடகை எப்படி மாறியது என்பதையும் ஜமாஅத்தார் யார் கேட்டாலும் காட்ட முடிய வேண்டும்.

வேலைக்கு உகந்த காலம் தை, மாசி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தளம் உலர்ந்திருக்கும், சித்திரை வெயிலும் வந்திருக்காது. முதலில் தளத்தின் வாட்டம் வடிகால் பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து, வடிகால் வாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வையுங்கள். கீழே ஒரு துளி ஈரமும் தெரியாவிட்டால் மட்டும் பலகையைப் பரப்பச் சொல்லுங்கள். அதன்மேல் கான்கிரீட் மூடாக்கு, அதற்கும் மேல் வெள்ளை ஓடு. பலகைகளின் இணைப்பில் இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்குகிறார்களா என்று மாடியேறி நேரில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு மூடாக்குப் போட அனுமதி கொடுங்கள். மூடிய பின் எதுவும் தெரியாது.